பி.காம். சேரட்டுமா என்று கேட்டவளிடம் ஒரு மாதத்துக் கணக்கைக் கொடுத்தேன்

என் அண்ணன் மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்தாள். வணிகவியல் பிரிவு. கணக்குப்பதிவியலில் நல்ல மதிப்பெண். அண்ணன் கணினிப் படிப்பான பி.சி.ஏ.வில் சேர்க்க நினைத்தார். அண்ணி வங்கி வேலைக்கு ஏற்ற படிப்பாக இருக்கட்டும் என்றார். அவளோ என்னிடம் வந்து, "அத்தை, நான் பி.காம். சேரட்டுமா?" என்று கேட்டாள்.

கரூரில் வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான் வேலை பார்க்கிறேன். அதனால் என் பதிலுக்கு வீட்டில் கொஞ்சம் மதிப்பு உண்டு. ஆனாலும் உடனே "சேர்" என்று சொல்ல மனம் வரவில்லை. மற்றவற்றுக்கெல்லாம் இடம் கிடைக்காததால் வணிகவியலுக்கு வந்து, மூன்று ஆண்டுகள் பேரேட்டை, அதாவது கணக்குப் புத்தகத்தை, வெறுத்துக்கொண்டே படித்து முடிக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். "எனக்குக் கணிதம் வராது, அதனால் காமர்ஸ்" என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. மதிப்பெண்ணும் முழு விடையல்ல. பாடப்புத்தகக் கணக்கில் எல்லாத் தகவலும் கேள்வியிலேயே இருக்கும், கடைசியில் இரண்டு பக்கமும் சமமாகும். கடைக் கணக்கில் தகவலைத்தான் முதலில் தேட வேண்டும்.

எங்கள் தெருவில் பெயிண்டும் குழாய்ச் சாமானும் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. அதன் கணக்கை ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, ஏப்ரல் மாதத்துப் பில்கள், வங்கி அறிக்கை, அவர் பென்சிலால் எழுதும் ரொக்க நோட்டு மூன்றையும் அவள் முன்னால் வைத்தேன். "இந்த மாதம் கடைக்கு லாபமா நட்டமா என்று நீ சொல். அவசரமில்லை" என்றேன்.

முதலில் கம்பியில் குத்தியிருந்த பில்களைத் தேதிவாரியாக அடுக்கவே ஒரு நாள் போயிற்று. டேலி என்ற கணக்கு மென்பொருளில் எப்படிப் பதிவது என்று காட்டிக் கொடுத்தேன், அதை விரைவில் பிடித்துக்கொண்டாள். பற்றும் வரவும் சமமாக இல்லாவிட்டால் டேலி அந்தப் பதிவை ஏற்றுக்கொள்ளவே செய்யாது. ஆகவே எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு மொத்தங்களை ஒப்பிடும் இருப்பாய்வு தானாகவே சரியாக வந்துவிட்டது. மகிழ்ச்சியோடு ஓடிவந்து காட்டினாள். லாபம் என்ற இடத்தில் பெரிய நட்டம் இருந்தது.

நான் எதுவும் சொல்லவில்லை. "சரி, ஏப்ரலில் நட்டம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிடலாமா?" என்று மட்டும் கேட்டேன். யோசித்தாள். மார்ச் விற்பனையை எடுத்துப் பார்த்தாள். ஏப்ரல் விற்பனை அதைவிடக் கூடுதல். "அப்படியானால் நட்டம் எங்கிருந்து வரும் அத்தை?" என்று கேட்டுவிட்டு, சாப்பிடக் கூப்பிட்டும் வராமல் பில்களை மறுபடி புரட்டினாள். இரவு பத்து மணிக்கு மேல் கண்டுபிடித்தாள். பெயிண்டில் நிறம் கலக்கும் இயந்திரம் ஒன்றைக் கடைக்காரர் அந்த மாதம் வாங்கியிருந்தார். பெயிண்ட் டப்பாக்கள் அனுப்பும் அதே நிறுவனத்தின் பில்லாக இருந்ததால் அதையும் இவள் கொள்முதலில் போட்டிருந்தாள். இயந்திரம் விற்பதற்கு வாங்கியதல்ல, பல ஆண்டுகள் உழைக்கப்போகும் சொத்து. அதன் விலை, கடையின் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பில் நிற்க வேண்டும். ஆண்டுதோறும் தேய்மானமாகத்தான் லாபத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய வேண்டும்.

எனக்கு விடை கிடைத்த இடம் இதுதான். தவறைக் கண்டுபிடித்ததைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருப்பாய்வு சமமாக இருந்தும் அவளுக்குத் திருப்தி வரவில்லையே, அதுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது. பதியாமலே விட்டால் விடுபிழை, ஒரு தவறு இன்னொன்றைச் சமன் செய்தால் ஈடுசெய் பிழை என்று பதினோராம் வகுப்பிலேயே பெயர் பெயராகப் படித்திருக்கிறாள். இருப்பாய்வு காட்டிக்கொடுக்காத பிழைகள் உண்டு என்ற வரி அப்போது அவளுக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி. இப்போது அதே வரியை அவளே எனக்கு விளக்கினாள்.

அண்ணனின் முக்கியமான ஆட்சேபம், "கணக்கையெல்லாம் இனி கம்ப்யூட்டரே எழுதிவிடும், இவளுக்கு என்ன வேலை இருக்கும்?" என்பது. நியாயமான கவலை. கூட்டுவது, பேரேட்டில் ஏற்றுவது ஆகிய வேலைகள் எப்போதோ கணினிக்குப் போய்விட்டன. பில்லைப் படம் பிடித்தால் தானே பதிந்துகொள்ளும் மென்பொருளும் வந்துவிட்டது. வெறும் பதிவு வேலையை நம்பிப் பட்டம் வாங்குபவர்களுக்குச் சிரமம்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த இயந்திரம் சரக்கா சொத்தா என்று கேட்டது யார்? முதலாளி கல்லாவிலிருந்து எடுத்த பணம் கடைச் செலவா, வீட்டுச் செலவா என்று அவரிடம் போய்க் கேட்பது யார்?

ஜி.எஸ்.டி.யையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் தாக்கல் செய்யும் கடைகள் விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் தர வேண்டும். நமக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் 2பி அறிக்கை 14ஆம் தேதி வாக்கில் வரும். 20ஆம் தேதிக்குள் 3பி என்ற மாதாந்திரப் படிவத்தைத் தாக்கல் செய்து வரி கட்ட வேண்டும். நமக்குச் சரக்கு தந்தவர் தன் பில்லை ஏற்றாமல் விட்டால் அது நம் 2பியில் வராது. அந்த மாதம் உள்ளீட்டு வரியை, அதாவது கொள்முதலில் நாம் ஏற்கெனவே கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாமல் பணத்தைக் கையிலிருந்து கட்ட நேரும். அதனால் 14க்கும் 20க்கும் இடையில் நான் அதிகம் பேசுவது தொலைபேசியில்தான். அண்ணன் மகளும் குழாய் வியாபாரி ஒருவரை அழைத்து, விடுபட்ட பில்லைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவர் அதட்டலாகத்தான் பேசினார். அதுவும் இந்த வேலையின் ஒரு பகுதி என்று அவளுக்குத் தெரிந்தது நல்லது.

2009 ஜனவரியில் வெளிவந்த சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் மோசடியையும் அவளுக்குச் சொன்னேன். கணக்கில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அதன் தலைவர் ராமலிங்க ராஜுவே கடிதத்தில் ஒப்புக்கொண்டார். "வங்கியில் நேராகக் கேட்டிருந்தால் தெரிந்திருக்குமே?" என்றாள். ஆம், அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகத்தான் தணிக்கை என்ற ஒன்றே இருக்கிறது.

இன்னொரு தயக்கமும் வீட்டில் இருந்தது: செப்டம்பரில் தணிக்கை அலுவலகங்களில் இரவு வெகு நேரமாகும், பெண் பிள்ளைக்கு ஒத்து வருமா? இதற்கு மட்டும் எனக்குக் கோபம் வந்தது. நாட்டின் முதல் பெண் தணிக்கையாளரான ஆர். சிவபோகம் நம் சென்னையில்தான் தொழில் செய்தார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்று வந்து, 1933இல் கணக்கியல் தேர்வில் தேறியவர் அவர். பிற்காலத்தில் பட்டயக் கணக்காளர்களின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைமையும் வகித்தார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதே கேள்வியை நாம் கேட்கக் கூடாது என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை.

படிப்பின் பெயரில் ஓர் எச்சரிக்கை. கல்லூரி விண்ணப்பத்தில் பி.காம். சி.ஏ. என்று இருப்பது கணினிப் பயன்பாடு. அதைப் படித்தால் ஆடிட்டர் ஆகிவிடலாம் என்று நம்பிச் சேரும் குடும்பங்கள் இன்றும் உண்டு. பட்டயக் கணக்காளர் (இதையும் சி.ஏ. என்றே சொல்வார்கள்) தேர்வு தனி. பவுண்டேஷன், இன்டர்மீடியட், பைனல் என்று மூன்று நிலைகள், நடுவில் இப்போது இரண்டு ஆண்டுப் பயிற்சி. இன்டரிலும் பைனலிலும் தாளுக்கு 40 எடுத்தால் மட்டும் போதாது, குரூப் எனப்படும் தாள்களின் தொகுப்பில் மொத்தத்தில் பாதியும் வர வேண்டும். ஒரு குரூப்பிலேயே ஆண்டுக்கணக்கில் நின்றுவிட்டவர்கள் என் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள். நல்ல திறமைசாலிகள். எனவே சி.ஏ. கிடைத்தால்தான் பி.காமுக்கு அர்த்தம் என்ற எண்ணத்தோடு யாரும் சேர வேண்டாம் என்பது என் கருத்து.

அவள் முடிவு செய்துவிட்டாள். அரசுக் கலைக் கல்லூரிக்கான இணைய விண்ணப்பத்தில் முதல் விருப்பமாகப் பொது பி.காம்., அடுத்ததாகப் பொருளியல் கொடுத்திருக்கிறாள். பவுண்டேஷனுக்கு இப்போது பதியவில்லை. வணிகவியல் பட்டத்தில் 55 சதவீதம் எடுத்தால் பவுண்டேஷன் எழுதாமலே நேராக இன்டருக்குப் பதியலாம், அதை மூன்றாம் ஆண்டில் யோசிக்கிறேன் என்கிறாள். அண்ணன் வைத்த நிபந்தனை, கணினி வகுப்பு ஒன்றுக்கும் போக வேண்டும் என்பது. எனக்கும் அது சரியாகவே படுகிறது. கடைக்காரர் மே மாதத்துப் பில்களையும் அவளிடமே கொடுத்துவிட்டார். இந்த முறை சம்பளமும் உண்டு.