எலுமிச்சை மணத்த காரும் பூஞ்சணம் பிடித்த காரும்

அம்மாவை மாதம் ஒருமுறை கண்டிக்குக் கிளினிக் கூட்டிப் போக வேண்டும். மலைநாட்டில் இருக்கும் கொட்டகலையிலிருந்து ஒவ்வொரு தடவையும் வேன் பேசிக் கட்டுப்படியாகவில்லை, அதனால்தான் பழைய கார் ஒன்று தேட ஆரம்பித்தேன். தேடிய நேரம்தான் சரியில்லை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்துபோய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கீழே களனி கங்கை கொலன்னாவைப் பக்கமெல்லாம் ஏறியிருந்தது, இந்தப் பக்கம் மகாவலி கம்பளை டவுனுக்குள்ளேயே வந்திருந்தது. முங்கிய வண்டிகளை யாரும் வீசிவிட மாட்டார்கள். கழுவி, காயவைத்து, எவன் தலையிலாவது கட்டத்தான் பார்ப்பார்கள். அந்தத் தலை என்னுடையதாக இருந்திருக்கும்.

முதலில் பார்த்தது 2017 வேகன் ஆர். கண்டிக்குப் பக்கத்தில் ஒருவர் வைத்திருந்தார். மற்ற இடங்களில் கேட்ட விலையைவிட 6 இலட்சம் குறைவு. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள், திறந்தும் வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது, பழைய வண்டிக்கும் யானை விலை. அப்படி இருக்கும்போது 6 இலட்சம் குறைவு என்றால் சந்தேகம் வர வேண்டும், எனக்கு சந்தோஷம்தான் வந்தது. கதவைத் திறந்ததும் கமகமவென்று எலுமிச்சை வாசனை, கீழே புத்தம் புது கார்பெட். கூட வந்த மச்சான், "இதைவிட நல்லதா எங்க கிடைக்கப் போகுது, அட்வான்ஸைக் குடுத்துருங்க" என்றான். 50,000 ரூபாய் கையில் இருந்தது. நாளைக்கு இன்னொரு பார்ட்டி காசோடு வருகிறது என்று விற்கிறவரும் சொன்னார், அது வழக்கமாகச் சொல்வதுதான்.

நல்ல காலம், ஹட்டனில் கராஜ் வைத்திருக்கும் அண்ணனுக்கு ஒரு கோல் எடுத்தேன். "தம்பி, ஒரு சதமும் குடுக்காதீங்க, ஞாயிற்றுக்கிழமை நான் வாறேன்" என்றார்.

டோர்ச் ஒன்றும் ஸ்க்ரூ டிரைவர் ஒன்றும் எடுத்துக்கொண்டு வந்தவர் பொனட் பக்கமே போகவில்லை. முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுக்கச் சொன்னார். வெளியே தெரிகிற பகுதி பளிச்சென்று இருந்தது, சுருளுக்குள் இருந்த கடைசி முழத்தில் பிளேன்டீ நிறத்தில் கறை. பெல்ட் சுருளும் டப்பா கதவுத் தூணின் அடியில் இருக்கிறதாம், தண்ணீர் சீட் உயரத்துக்கு வந்தாலே அது முங்கிவிடும், வெளியே கழுவுகிறவர்கள் அங்கே கை வைப்பதில்லை. அடுத்தது சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட். துரு மட்டும் இல்லை, தலையில் ஸ்பேனர் போட்ட காயமும் இருந்தது. சும்மா ஓடுகிற வண்டியில் நாலு சீட் போல்ட்டையும் யார் கழற்றப் போகிறார்கள்? கார்பெட்டைக் காயவைக்கவோ மாற்றவோதான் கழற்றுவார்கள்.

வாசல்படி பிளாஸ்டிக்கைக் கிளப்பிவிட்டு கார்பெட்டைத் தூக்கினார். அடியில் இருந்த கம்பளியும் புதிது, ஆனால் தகடு தகடோடு சேரும் மடிப்பில் விரலை ஓட்டினால் மாவு மாதிரி வண்டல் ஒட்டியது. பிறகு முன்பக்க பயணி சீட்டுக்கு அடியில் டோர்ச் அடித்துக் காட்டினார். இந்த வேகன் ஆரில் சின்ன லித்தியம் பற்றரி அங்கேதான் இருக்கிறது, முழங்கால் அளவுத் தண்ணீரே அதற்குப் போதும். அதன் ஸ்க்ரூக்களில் துரு, பக்கத்து வயர் கனெக்டருக்குள்ளே பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. அந்தப் பச்சைதான் இப்போதைக்கு ஓடிவிட்டு மூன்று மாதம் ஆறு மாதம் கழித்து வேலையைக் காட்டுமாம். ரம்பொடை வளைவில் இறங்கும்போது பவர் ஸ்டியரிங் இறுகினால் எப்படி இருக்கும் என்று கேட்டார், எனக்கு வயிற்றைக் கலக்கியது.

எயார்பேக் லைட்டை நானாகப் பார்த்திருக்கவே மாட்டேன். சாவி போட்டதும் அந்த லைட் ஒருதரம் எரிந்து அணைய வேண்டும். இதில் எயார்பேக் லைட் எரியவே இல்லை. எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு என்று எல்லாருக்கும் தெரியும், எரியாமலே இருந்தால் கோளாறை யாரோ மறைத்திருக்கலாம் என்று அர்த்தம்.

விற்கிறவர் அசரவில்லை. "மலைநாட்டு வண்டி தம்பி, பனியில நிக்குது, கொஞ்சம் துரு வரத்தானே செய்யும்" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். இந்தப் பதில்தான் நம்ம ஊரில் ஆபத்து, ஏனென்றால் அது பாதி உண்மை. இங்கே எந்த வண்டியில்தான் ஈரவாடை இல்லை? திரும்பி வரும்போது அண்ணன் வித்தியாசத்தைச் சொல்லித் தந்தார். பனி ஈரம் மேலே தெரியும், சீட் முதுகில், கூரைத் துணியில், ஸ்டியரிங்கில் பூஞ்சணமாகப் படியும், வண்டல் இருக்காது. வெள்ளம் கீழே இருந்து ஏறுவது, ஒரு கோட்டுக்குக் கீழே எல்லாம் துருவும் சேறுமாக இருக்கும், கோட்டுக்கு மேலே ஒன்றுமே இருக்காது.

அப்புறம் மூன்று நான்கு வண்டி பார்த்துக் கழித்தோம், அதெல்லாம் விபத்துக் கேஸ்.

கடைசியில் தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் விட்ஸ் கார். கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்த வேண்டியிருந்தது. சீட் எல்லாம் வெள்ளைப் பூஞ்சணம், இடது பக்கக் கார்பெட்டை மிதித்தால் சதக் என்றது. நான் அப்படியே திரும்பிப் போகப் பார்த்தேன். போதாததற்கு எண்ணெய் மூடியைத் திறந்தால் உள்ளே பால் நுரை மாதிரி. "அண்ணே, இதுவும் முங்கினதுதான்!" என்று கத்தியேவிட்டேன். அண்ணன் சிரித்துவிட்டு, எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கைத் துடைத்துக் காட்டினார், எண்ணெய் தேன் மாதிரி சுத்தமாக இருந்தது. இந்தக் குளிரில் டவுனுக்குப் போய் வருகிற ஓட்டத்துக்கு எஞ்சின் ஒழுங்காகச் சூடாகாது, உள்ளே வேர்க்கிற ஈரம் மூடியில்தான் நுரையாகப் படியும். டிப்ஸ்டிக்கிலும் பால் கலந்த மாதிரி இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

பெல்ட்டை இழுத்தோம், கடைசி வரை சுத்தம். வலது பக்கக் கார்பெட் காய்ந்து கிடந்தது. டிக்கியில் ஸ்பெயார் வீலைத் தூக்கினால் குழியில் தூசி மட்டும். அப்படியென்றால் இடது பக்கம் தண்ணீர் எங்கிருந்து? வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக்கைக் கழற்றினார், இரண்டு கை நிறைய சவுக்கு இலை வந்தது. மரத்தடியிலேயே வருஷக்கணக்காக நின்ற வண்டி, மழைத்தண்ணீர் வடிகிற ஓட்டை அடைத்து, ஏ.சி. காற்றுப் போகிற வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது.

வண்டிப் பதிவுப் புத்தகத்தில் அந்தக் கிளாக்கர் இரண்டாவது உரிமையாளர், பெயரும் அடையாள அட்டையும் பொருந்தின. காப்புறுதியில் இதுவரை என்னென்ன கிளைம் எடுத்தார் என்று கடிதம் வாங்கித் தர முடியுமா என்று கேட்டேன், முகம் சுளிக்காமல் இரண்டு நாளில் வாங்கி வந்தார். நாற்றத்தைக் காட்டி ஒரு இலட்சம் குறைத்தேன், கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

சீட்டைக் கழற்றி கார்பெட்டை வெயிலில் போட்டோம். கொட்டகலை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, ஒன்பது நாள் எடுத்தது. நடுவில் அந்த வேகன் ஆர் விளம்பரம் திரும்பக் கண்ணில் பட்டது. அதே போட்டோ, ஊர் மட்டும் பண்டாரவளை என்று மாறியிருந்தது, விலையில் ஒரு இலட்சம் கூடியிருந்தது.

முதல் தடவை கிளினிக்குக்குப் புறப்பட்ட அன்று அம்மா ஏறி உட்கார்ந்து, சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, "என்னப்பா இது, விறகு அடுக்கி வச்ச காம்பரா மாதிரி மணக்குது" என்றார். கினிகத்தேனை தாண்டும் வரைக்கும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் போனோம்.