ஓய்வு பெற்ற ஆசிரியருக்குக் கட்டற்ற மென்பொருளில் என்ன வேலை?

யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்குப் பங்களிக்கிறேன் என்று சொன்னதும், ஓய்வு பெற்ற சக ஆசிரியர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அதற்கு எந்தக் கணினி மொழி படிக்க வேண்டும்?" என்பதுதான். இப்போதைக்கு எதுவும் வேண்டாம் என்பேன். கேட்டவர் நம்பமாட்டார். பைத்தான் வகுப்பில் சேர்ந்து, பயிற்சிக் கணக்குகளிலேயே சலித்துப்போய், "இது நமக்கு ஒத்துவராது" என்று ஒதுங்கிய சிலரை எனக்குத் தெரியும். இத்திட்டங்களில் நிரல் எழுத ஆர்வமுள்ளவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒரு புதியவர் எந்த வரியில் தடுக்கி விழுவார் என்று சொல்லத் தெரிந்தவர்கள்தான் குறைவு. பல ஆண்டுகள் வகுப்பெடுத்த எவருக்கும் அது கைவந்த கலை.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுத்தவன். பணியில் இருந்தபோது வினாத்தாள் தட்டச்சு செய்யக் கணினியைத் தொட்டதோடு சரி. அந்த நிலையிலிருந்து தொடங்குபவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

வரலாறு கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் க்னூ திட்டத்தை அறிவித்தார். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸ் கருநிரலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) வெளியிட்டார். இத்தகைய மென்பொருளுக்குத் 'திறந்த மூலம்' என்ற பெயர் 1998-இல்தான் புழக்கத்துக்கு வந்தது. வரலாற்றைவிட உரிமம்தான் முக்கியம். இலவசமாகக் கிடைப்பதெல்லாம் கட்டற்ற மென்பொருள் ஆகிவிடாது. யாரும் பயன்படுத்தலாம், மூலநிரலை (நிரலாளர் எழுதிய வடிவத்தை) படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குத் தரலாம் என்ற உரிமைகளை உரிமம் எழுத்தில் தரவேண்டும். எம்ஐடி உரிமம் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும், அதை ஒருமுறை படியுங்கள். பிறகு ஜிபிஎல் உரிமத்தைப் பாருங்கள். மாற்றி வெளியிடுபவரும் அதே உரிமைகளை அடுத்தவருக்குத் தந்தாக வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது. நீங்கள் எழுதித் தரும் பத்தியும் திட்டத்தின் உரிமத்தின் கீழேதான் வெளியாகும். பின்னால் மனம் மாறி "என்னுடையதைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்க முடியாது. இதற்கு மனம் ஒப்பினால் மேலே போகலாம்.

எந்தத் திட்டத்தில் சேர்வது? நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்துகிற ஒன்றில். புகழ்பெற்ற பெயர் என்பதற்காகப் போனால் ஆர்வம் நிலைக்காது. ஓபன் ஆஃபிஸிலிருந்து 2010-இல் பிரிந்த அலுவலக மென்பொருளான லிப்ரெஆஃபிஸ் பலருடைய கணினியில் இருக்கும். இணையவழி வகுப்பு நடத்தியவர்களுக்கு மூடில் பழக்கமாக இருக்கும். மார்ட்டின் டூகியாமாஸ் தொடங்கிய அதன் முதல் பதிப்பு 2002-இல் வந்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஜிகாம்ப்ரிஸ், டக்ஸ் பெயின்ட் போன்ற குழந்தைகளுக்கான மென்பொருள்கள் பொருத்தம். வானியல் ஆர்வலருக்கு ஸ்டெல்லேரியம். தட்டச்சே பிடிக்காதவர், நல்ல உச்சரிப்போடு பாடம் வாசித்தவர் என்றால், மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் தமிழ் வாக்கியங்களை வாசித்துக் குரல் தரலாம், பிறர் வாசித்ததைக் கேட்டுச் சரிபார்க்கலாம்.

சேர்வதற்கு முன் திட்டம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். திட்டத்தின் கோப்புகள் இருக்கும் களஞ்சியத்தில் கடைசி மாற்றம் எப்போது நடந்தது, புதியவர்களின் கேள்விகளுக்குப் பதில் வந்திருக்கிறதா, பங்களிப்பு வழிகாட்டியும் நடத்தை விதிகளும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று கவனித்தால் தெரிந்துவிடும். பதில்களின் தொனியையும் படியுங்கள். புதியவர்மேல் எரிந்து விழும் இடத்தில் நமக்கு என்ன வேலை?

இனி, நான் மிகவும் பரிந்துரைக்கும் வேலைக்கு வருகிறேன்: வழு (மென்பொருள் கோளாறு) அறிக்கைகளைச் சரிபார்ப்பது. லிப்ரெஆஃபிஸில் ஒருவர் வழு ஒன்றைப் பதிவு செய்தால், அது முதலில் 'உறுதி செய்யப்படாதது' என்ற நிலையில் இருக்கும். வேறொருவர் தன் கணினியில் அதே கோளாறை வரவழைத்துப் பார்த்த பிறகே அடுத்த நிலைக்கு நகரும். அந்த வேறொருவர் நிரலாளராக இருக்க வேண்டியதில்லை. பொறுமை இருந்தால் போதும்.

ஒரு மாதிரி சொல்கிறேன். "அட்டவணை பிடிஎஃப்பில் சரியாக வரவில்லை, உடனே சரிசெய்யுங்கள்" என்று ஓர் அறிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அரைகுறை விடைத்தாளைப் படித்துப் பழகிய கண்ணுக்கு, இதில் இல்லாதவை எல்லாம் உடனே தெரியும். எந்தப் பதிப்பு? எந்த இயங்குதளம்? அட்டவணை ஒரு பக்கத்துக்குள் அடங்குகிறதா, அடுத்த பக்கத்துக்கு நீள்கிறதா? 'சரியாக வரவில்லை' என்றால் கோடு மறைகிறதா, எழுத்து வெட்டுப்படுகிறதா? நான் புதிய கோப்பு ஒன்றைத் திறந்து இரண்டு நெடுவரிசை உள்ள அட்டவணை போடுவேன். அது பக்கத்தைத் தாண்டும்வரை வரிசைகளைச் சேர்த்து, பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்து பார்ப்பேன். கோளாறு வந்தால், ஒரு வரிசையைக் குறைத்து மறுபடியும் பார்ப்பேன். எந்த இடத்தில் மறைகிறது, எந்த இடத்தில் திரும்பி வருகிறது என்பது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு 'பாதுகாப்பு முறை'யில் மென்பொருளைத் திறந்து ஒருமுறை பார்க்க வேண்டும். கோளாறு பயனரின் சொந்த அமைப்புகளால் வருவதா, மென்பொருளிலேயே இருப்பதா என்பதை அது பிரித்துக்காட்டும். பழைய பதிப்பில் ஒழுங்காக இருந்து புதியதில் கெட்டிருந்தால் அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். நிரலாளருக்குத் தேடும் எல்லை சுருங்கிவிடும்.

எழுதும்போது செய்த படிகள், எதிர்பார்த்தது, நடந்தது என்று மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். சோதனைச்சாலைக் குறிப்பேட்டில் செய்முறையையும் கண்டறிந்ததையும் குழப்பாதே என்று மாணவர்களிடம் தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தியவர்களுக்கு இது புதிதல்ல. கோளாறு நம் கணினியில் வரவே இல்லை என்றாலும் அதையும் பதிவு செய்யுங்கள், பதிப்பு எண்ணோடு. அதுவும் பயனுள்ள தகவல்தான்.

ஆசிரியர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. வழு அறிக்கையோடு இணைக்கும் கோப்பு உலகம் முழுவதும் பார்க்கக்கூடியது. கையில் இருக்கிறதே என்று பழைய மதிப்பெண் பட்டியலை இணைத்துவிடாதீர்கள், மாணவர் பெயர், பிறந்த தேதி எல்லாம் வெளியே போய்விடும். கோளாறைக் காட்டும் மிகச் சிறிய கோப்பைப் புதிதாகத் தயாரித்து இணைப்பதே முறை. நிரலாளருக்கும் அதுதான் வசதி.

அடுத்தது ஆவணங்கள். மென்பொருள் ஆவணங்களை நான்கு வகையாகப் பிரிக்கும் டயாடாக்சிஸ் என்ற முறை பல திட்டங்களில் பின்பற்றப்படுகிறது: கைபிடித்துக் கற்றுத்தரும் பாடம், ஒரு குறிப்பிட்ட வேலையை முடிப்பதற்கான வழிமுறை, தேடிப் பார்ப்பதற்கான தகவல் தொகுப்பு, ஏன் இப்படி என்ற விளக்கம். பல ஆவணங்கள் படிக்கக் கடினமாக இருப்பதற்குக் காரணம், இந்த நான்கும் ஒரே பக்கத்தில் கலந்து கிடப்பது. நிறுவும் வழியைத் தேடி வந்தவரிடம் மூன்று பத்தி தத்துவம் பேசியிருப்பார்கள். எது பாடம், எது பாடநூலின் பின்னிணைப்பு என்று பிரித்தறிவது நமக்கு அன்றாடம்.

தொடங்கும் வழி இது. நிறுவும் வழிகாட்டியை எடுத்துக்கொண்டு, எழுதியிருப்பதை மட்டும் வரிக்கு வரி செய்யுங்கள். உங்களுக்குத் தெரிந்ததைக் கொண்டு இடைவெளியை நிரப்பாதீர்கள். 'பிறகு அமைப்புகளைத் திறக்கவும்' என்று இருக்கிறதா? எங்கிருந்து திறப்பது? நீங்கள் நின்றுபோன ஒவ்வோர் இடமும் ஒரு பங்களிப்பு. இந்தப் புதுக்கண் சீக்கிரமே பழகிப்போய்விடும், ஆகவே முதல் நாளிலிருந்தே குறித்து வையுங்கள். 'எளிதாக', 'வெறுமனே' என்ற சொற்களைக் கண்டால் நீக்கப் பரிந்துரையுங்கள். முடியாமல் தவிக்கிறவரை அவை மேலும் சிறுமைப்படுத்தும். நம்மவர்களிடம் ஒரு குணமும் உண்டு: சொன்னதையே வேறு விதமாக மறுபடி சொல்வது. வகுப்பறையில் அது தேவை. ஆவணத்தைப் படிப்பவரோ அவசரத்தில் இருக்கிறார், ஒருமுறை சொன்னால் போதும்.

மொழிபெயர்ப்பைப் பலரும் முதலில் நினைப்பார்கள். நல்ல வேலைதான். லிப்ரெஆஃபிஸ் உள்ளிட்ட பல திட்டங்கள் வெப்லேட் என்ற தளத்தில் உலாவியிலேயே மொழிபெயர்க்க வசதி செய்துள்ளன. அங்கே முன்பே வகுத்த கலைச்சொல் பட்டியலைப் பின்பற்றுங்கள். சொல்லுக்குச் சொல் சண்டை போட்டால் ஆண்டு முழுவதும் போதாது. தொழில்நுட்பமாகக் கவனிக்க வேண்டியது, வாக்கியத்தின் நடுவே சதவீதக் குறியோடு வரும் இடங்காட்டிகள். மென்பொருள் இயங்கும்போது அங்கே எண்ணோ கோப்பின் பெயரோ வந்து உட்காரும். அதை அழித்தாலோ எழுத்து மாற்றினாலோ செய்தி உடைந்துவிடும்.

இப்போது கிட். டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸ் வேலைக்காகவே உருவாக்கிய கருவி. விடைத்தாளில் அடித்த வரியும் திருத்தி எழுதிய வரியும் இரண்டுமே கண்ணுக்குத் தெரிவதைப் போல, யார், எப்போது, எதை மாற்றினார் என்று எல்லாவற்றையும் இது வைத்திருக்கிறது. தடித்த புத்தகம் படித்துவிட்டுத்தான் தொடங்குவேன் என்று உட்காராதீர்கள். களஞ்சியத்தின் நகலைப் பெறுவது, கிளை பிரிப்பது (மூலத்தைத் தொடாமல் தனியே மாற்ற), கமிட் செய்வது (மாற்றத்தைக் குறிப்போடு பதிவது), மேலேற்றுவது, புல் ரிக்வெஸ்ட் அனுப்புவது (மாற்றத்தை ஏற்கும்படி கோருவது) ஆகிய ஐந்தும் தெரிந்தால் நெடுநாள் ஓட்டலாம். சொந்தமாக ஒரு களஞ்சியம் தொடங்கி, பழைய பாடக்குறிப்புகளைப் போட்டு, வேண்டுமென்றே குழப்பிச் சரிசெய்து பழகுங்கள். களஞ்சியங்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் சிறு எழுத்துப்பிழையைத் திருத்த இதுகூட வேண்டாம். பென்சில் சின்னத்தை அழுத்தினால் உலாவியிலேயே திருத்தி அனுப்பலாம். கமிட்டோடு உங்கள் மின்னஞ்சல் முகவரியும் பொதுவில் பதிவாகும் என்பதை நினைவில் வையுங்கள். அதை மறைக்கும் வசதியைக் கிட்ஹப் அமைப்புகளில் தேடி முதலிலேயே போட்டுவிடுங்கள்.

கமிட் செய்தியின் முதல் வரி சுருக்கமாக, ஐம்பது எழுத்துகளுக்குள் இருப்பது மரபு. ஒரு வரி விட்டு, ஏன் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். என்ன மாற்றினீர்கள் என்பதைத்தான் கிட் காட்டிவிடுகிறதே. ஒரு கோரிக்கையில் ஒரு மாற்றம் மட்டும்.

கருவியைக் கற்பதைவிடக் கடினமான பகுதி இனிமேல்தான். உங்கள் வேலையை ஒருவர் மதிப்பிடுவார். வாழ்நாள் முழுக்கச் சிவப்பு மையைக் கையில் வைத்திருந்தவருக்கு இது லேசில் பழகாது. மதிப்பிடுபவர் உங்கள் கடைசி வகுப்பு மாணவரின் வயதில் இருக்கலாம். 'சார்', 'மேடம்' எதுவும் இருக்காது, பெயர் சொல்லித்தான் அழைப்பார். "இரண்டாம் பத்தி தேவையில்லை. மூன்றாவதைத் தனிக் கோரிக்கையாக அனுப்பவும்" என்று இரண்டே வரியில் முடித்துவிடுவார். இதில் அவமதிப்பு எதுவும் இல்லை. நேரமில்லாதவர் வேலையைப் பற்றி மட்டும் பேசியிருக்கிறார், அவ்வளவுதான். எனக்கு இந்த ஒழுங்கு பிடித்துப்போனது. வயதுக்கும் பட்டத்துக்கும் மதிப்பெண் போடாத இடங்கள் அதிகம் இல்லை.

பதில் எழுதும்போது ஒவ்வொரு குறிப்புக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள்: திருத்திவிட்டேன், அல்லது இந்தக் காரணத்தால் இப்படியே விடலாம் என்று நினைக்கிறேன். நீண்ட விளக்கவுரை வேண்டாம். பதிலே வராமலும் போகும். பராமரிப்பாளர்களில் பலர் வேறு வேலைக்கு நடுவே இதைப் பார்க்கும் தன்னார்வலர்கள். இரண்டு வாரம் கழித்து, "இதைப் பார்க்க நேரம் கிடைத்ததா?" என்று ஒரு வரி கேட்கலாம். தினமும் கேட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் காரணத்தைப் படித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நிரல் எழுதும் ஆசை இருந்தால், இப்போது படியுங்கள். திட்டத்தின் அமைப்பு தெரிந்த பிறகு படிப்பது வேகமாக ஏறும். ஆனால் மொழியைவிட, மூலநிரலை உங்கள் கணினியில் தொகுத்து (இயங்கும் வடிவத்துக்கு மாற்றி) இயக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். சி++ மொழியில் உள்ள லிப்ரெஆஃபிஸைச் சாதாரணக் கணினியில் முழுதாகத் தொகுக்கப் பல மணி நேரம் பிடிக்கும். பிஎச்பி-யில் எழுதப்பட்ட மூடிலுக்கு அந்தத் தொல்லை இல்லை. 'முதல் முயற்சிக்கு ஏற்றது' என்ற அடையாளம் இட்ட வேலைகளைப் பல திட்டங்கள் தனியே பிரித்து வைத்திருக்கும். அவற்றில் ஒன்றை முயன்று பார்த்துவிட்டு, கண்டதை எழுதி, பிறகு "இதை நான் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கி அப்படியே அனுப்ப வேண்டாம். லினக்ஸ் வகை இயங்குதளமான ஜென்டூ போன்ற சில திட்டங்கள் அதை விதியாகவே தடை செய்துள்ளன. தடை இல்லாத இடத்திலும், அனுப்பும் ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேட்டால் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

நேரம் பற்றி ஒன்று. ஓய்வுக்குப் பின் நிறைய நேரம் இருக்கிறது என்று ஆரம்பத்தில் ஐந்தாறு வேலைகளைப் பெயரில் எழுதிக்கொள்ளத் தோன்றும். ஒன்று போதும். உங்கள் பெயர் இருக்கும் வேலையை வேறு யாரும் தொடமாட்டார்கள். உடல்நலமோ குடும்பக் காரணமோ குறுக்கிட்டால், செய்து முடித்தது எதுவரை, மீதி என்ன, எந்தக் கிளையில் இருக்கிறது என்று இரண்டு வரி எழுதிவிட்டு, ஒதுக்கீட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை, யாரும் கேட்கவும் மாட்டார்கள். திரும்பி வரும்போது அந்த வேலை முடிந்திருந்தால், பட்டியலில் வேறொன்று காத்திருக்கும்.