இழுபடும் பேண்ட் கால்

அந்த அம்மா தையல்காரரிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்தார். "வலது பேண்ட் கால் மட்டும் தரையில இழுபடுது சார். துணியைத் தப்பா வெட்டிட்டார்னு நெனச்சேன். அவர்தான் இவனை நிக்க வெச்சு அளந்துட்டு, துணியில ஒண்ணுமில்லம்மா, கால்லதான் வித்தியாசம்னார்."

ஒன்றரை வருடத்துக்கு முன் அந்தக் காலுக்குக் கம்பி போட்டு மாவுக்கட்டும் கட்டியவன் நான். அப்போது பையனுக்குப் பத்து வயது. கபடியில் இரண்டு பேர் முட்டியின் மேல் விழுந்ததில், தொடை எலும்பின் கீழ்முனையில் உள்ள வளர்ச்சித் தட்டு விலகியிருந்தது. பிள்ளைகளின் எலும்பு நீளுவது அந்தத் தட்டில்தான். அது குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் வெறும் இடைவெளியாகத்தான் தெரியும். சுற்றியுள்ள தசைநாரைவிட வலுக்குறைவு. அதனால்தான் பெரியவர்களுக்குச் சுளுக்கோடு போகும் அடி, பிள்ளைகளுக்குத் தட்டையே விலக்கிவிடுகிறது. சுளுக்குதானே என்று எண்ணெய் போட்டு நீவிவிட்டு, பத்து நாள் கழித்து வருகிறவர்கள் இன்றும் உண்டு.

டொரான்டோவின் எலும்பு மருத்துவர்கள் சால்டரும் ஹாரிஸும் 1963-ல் இந்தக் காயங்களை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். படிக்கும் காலத்தில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். முதல் இரண்டு வகையில் பயமில்லை என்பதும் அந்த மனப்பாடத்தில் சேர்த்தி. மணிக்கட்டில் பெரும்பாலும் அது சரி. முழங்காலில் அதை நம்பக் கூடாது. அங்கே தட்டு மேடும் பள்ளமுமாக இருப்பதால், விலகும்போதே உரசி நசுங்கிவிடும். தொடை எலும்பு நீளுவதில் சுமார் 70 சதவீதம் அந்த ஒரு தட்டின் வேலை, வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்.

இவனுக்கு இரண்டாம் வகை. ஆறு வாரத்தில் கட்டைப் பிரித்தேன், எலும்பு கூடியிருந்தது. "இனி பயமில்லம்மா" என்றேன். அடுத்து எப்போது வர வேண்டும் என்று சீட்டில் எழுதவில்லை. அவரும் வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

புதுப் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினேன். அடிபட்டு வளர்ச்சி தடைபட்டு மறுபடி தொடங்கும்போது, எலும்பில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று விழும். தட்டுக்கு இணையாக அது விலகிப்போனால் நிம்மதி. இவனுக்கு உள்பக்கம் சாய்ந்துபோய்த் தட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அங்கே தட்டின் குறுக்கே இரு பக்க எலும்பும் ஒட்டிக்கொண்டு, எலும்புப் பாலம் விழுந்து வளர்ச்சி நின்றுவிட, வெளிப்பக்கம் மட்டும் வளர்ந்திருக்கிறது. கால் ஒன்றரை சென்டிமீட்டர் குட்டை, முட்டிக்குக் கீழே உள்நோக்கிச் சாய்வு வேறு. ஆறு மாதத்தில் ஒரு படம் எடுத்திருந்தால் இந்தக் கோடு அப்போதே காட்டிக்கொடுத்திருக்கும்.

எம்.ஆர்.ஐ. எடுத்ததில் பாலம் தட்டில் கால்பங்குக்கும் குறைவு. பாதியைத் தாண்டியிருந்தாலோ, வளர இரண்டு வருடமாவது மிச்சமில்லாமல் இருந்தாலோ அதை அகற்றிப் பலனில்லை. பெரிய மருத்துவமனையில் பாலத்தைச் சுரண்டியெடுத்து, மறுபடி ஒட்டாமலிருக்கக் குழியில் அவன் உடம்பிலிருந்தே கொழுப்பை எடுத்து வைத்தார்கள். வளர்ச்சி ஓரளவு திரும்பியது. குட்டை முழுக்க ஈடாகவில்லை. செருப்பில் ஒரு சென்டிமீட்டர் உயரம் வைத்து நடக்கிறான்.

இப்போதெல்லாம் சீட்டில் தேதி போடுவதில்லை, தேதி யாருக்கும் நினைவிருப்பதில்லை. "பொங்கல் கழிச்சு ஒரு படம், பள்ளிக்கூடம் திறக்கிறப்ப இன்னொண்ணு" என்று சிவப்பு மையில் எழுதுகிறேன். அப்புறம், பேண்ட் கால் இழுபடுகிறதா என்றும் கேட்டுவிடுகிறேன்.