கடைசல் மோட்டார் உறுமியது, சுற்றவில்லை

என் மரக் கடைசல் லேத்தில் இருப்பது 1 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார், 1440 ஆர்.பி.எம்., கெபாசிட்டர் ஸ்டார்ட் வகை, அதாவது கிளம்புவதற்கு மட்டும் கெபாசிட்டர் உதவும். பூவரசங்கட்டையில் கிண்ணம் கடையும்போது தொல்லை ஆரம்பித்தது. சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று உறுமல் மட்டும்; கட்டையைப் பிடிக்கும் சக் அசையவே இல்லை. உடனே அணைத்துவிட வேண்டும். சுற்றாமல் நிற்கும் மோட்டார், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், வைண்டிங் எனும் உள் கம்பிச்சுருள் கருகிவிடும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு முதலில் பெல்ட்டைக் கழற்றினேன். சக்கைக் கையால் சுற்றினால் லேசாகச் சுழன்றது. மோட்டார் ஷாஃப்டும் அப்படியே. ஆக, பேரிங் இறுகவில்லை. அப்புறம் ஷாஃப்டை ஒரு சுழற்று சுழற்றி, கையை நன்றாக விலக்கிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். ஓடியது! எந்தப் பக்கம் சுழற்றிவிடுகிறோமோ அந்தப் பக்கமே வேகம் பிடித்தது. அப்படியென்றால் தொடர்ந்து ஓடவைக்கும் ரன் வைண்டிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை, கிளப்பிவிடும் ஸ்டார்ட் பக்கம்தான் வேலை செய்யவில்லை. பெல்ட்டோடு இதைச் செய்யவே கூடாது. தலைகீழாகச் சுற்றினால் திருகு மரையில் நிற்கும் சக் கழன்று மேலே வந்து விழும்.

கெபாசிட்டரைத் தொடுவதற்கு முன் அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு 60 வாட் குண்டு பல்பை வைத்து, தேங்கிய மின்சாரத்தை வடியவிட்டேன். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்வதைப் பலரும் செய்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது, தீப்பொறி பறந்து முனையும் கெடும். மேலே 100–120 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது. மீட்டர் காட்டியதோ 18.

கடையில் புதிதாக வாங்கி மாட்டியதும் மோட்டார் ஜம்மென்று கிளம்பியது. ஆனால் காதுக்கு ஒன்று குறைந்தது. இந்த வகை மோட்டார் முக்கால் வேகம் எட்டியதும் உள்ளே சுழலும் வேகத்தால் இயங்கும் சென்ட்ரிபியூகல் சுவிட்ச் திறந்து, ஸ்டார்ட் வைண்டிங்கையும் கெபாசிட்டரையும் விலக்கிவிடும். அப்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அணைத்த பிறகு வேகம் குறையும்போது மறுபடியும் வரும். இரண்டுமே வரவில்லை. ஸ்டார்ட் கெபாசிட்டர் சில நொடி வேலைக்கென்றே செய்யப்பட்டது. விலகாமல் நின்றால் அது சூடேறிச் சாகும். பழையது ஏன் செத்தது என்பதற்கு விடை இங்கேதான் இருந்தது. இதைப் பார்க்காமல் விட்டிருந்தால் புதியதும் அதே வழியில் போயிருக்கும்.

பாடியிலும் மூடியிலும் உளியால் ஒரு கோடு கீறி அடையாளம் வைத்துக்கொண்டு பின்பக்கத்தைத் திறந்தேன். நயமான மரத்தூளும் பேரிங் கிரீஸும் கலந்து, அந்த சுவிட்சைத் திறந்து மூட ஷாஃப்டில் முன்னும் பின்னும் நகர வேண்டிய வளையத்தைச் சுற்றிக் கறுப்புக் களிம்பாக அப்பியிருந்தன. விரலால் தள்ளினால் பாதி வழியில் நின்றது. காண்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துத் துடைத்தேன். எண்ணெய் போடவில்லை, போட்டால் அடுத்த தூளை அதுவே பிடித்து வைக்கும். குழி விழுந்த காண்டாக்ட் முனைகளை 400 நம்பர் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்தேன். மூடுவதற்கு முன் வைண்டிங்குகளையும் பாடியையும் மீட்டரில் பார்த்தேன். எங்கும் எர்த் ஆகவில்லை, அதாவது பாடிக்குக் கரண்ட் கசியவில்லை. மாட்டிப் போட்டதும் 'டக்'. மனசுக்கு அவ்வளவு நிம்மதி!

பெரிய கட்டையை மாட்டினால் மாலை நேரத்தில் மட்டும் கிளம்பத் திணறியது. அது வேறு கதை. லேத் ஓடும்போதே பிளக் முனையில் பார்த்தேன், 190 வோல்ட்தான் இருந்தது. வோல்டேஜ் இறங்கும்போது மோட்டாரின் திருகுவிசை அதன் வர்க்கத்துக்கு ஏற்ப இறங்கும். 230-க்குப் பதில் 190 என்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. மெல்லிய, நீளமான எக்ஸ்டென்ஷன் வயரைத் தூக்கிப் போட்டு, 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் எர்த்தோடு தனி லைன் இழுத்தேன். மாலை நேரத் திணறல் பெரும்பாலும் தீர்ந்தது.

தூள் உள்ளே போவதைத் தடுக்க, மோட்டாருக்கும் லேத்தின் படுகைக்கும் (பெட்) நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு வைத்திருக்கிறேன். மோட்டாரின் காற்றுத் துளைகளைத் துணியால் மூடுவது வேண்டாம், சூடு வெளியே போக வழியிருக்காது. அடுத்தது என்.வி.ஆர். (நோ-வோல்ட் ரிலீஸ்) சுவிட்ச். கரண்ட் போய்த் திரும்பும்போது லேத் தானாக ஓடாமல் அது பார்த்துக்கொள்ளும். வாங்கியாயிற்று, பெட்டியில் துளை போடும் வேலைதான் பாக்கி.