ஒண்ணும் ஆகாதும்மா

"இது புதுசுதானே, பத்து வருஷம் கழிச்சு ஏதாவது வந்தா?"

"ஒண்ணும் ஆகாதும்மா, கையைத் தளர்வா விடுங்க."

புதிதாக வந்த தடுப்பூசி போடும் மேசையில் ஓர் அம்மாவுக்கும் செவிலியருக்கும் நடந்த பேச்சு அவ்வளவுதான். ஊசி போட்டாயிற்று. இரண்டாம் டோஸுக்கு அந்த அம்மா வரவில்லை.

அந்தப் பதிலுக்குச் சாக்கு இல்லாமல் இல்லை. பத்து டோஸ் குப்பி அது. திறந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். ஆறு பேருக்குப் போட்டு நான்கு டோஸ் மீதி இருக்கும்போது மேசை முன்னால் ஒருவர் தயங்கினால், கண் கேள்வியைப் பார்க்காது, குப்பியைத்தான் பார்க்கும். ஒருவர் எழுந்து போனால் பின்னால் நிற்பவரும் போவார். வீணான டோஸுக்குப் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். சொன்ன பதிலுக்கு எந்தப் பதிவேடும் கிடையாது.

பதில் தவறா என்பதில்தான் மனம் இரண்டு பக்கமும் போகிறது. சோதனையில் 30,000 பேருக்கு ஊசி போட்டு, ஒரு கடும் விளைவு ஒருவருக்கும் வரவில்லை என்றால், அது இல்லவே இல்லை என்று ஆகாது. 10,000 பேரில் ஒருவருக்கு வரக்கூடிய விளைவுகூட அந்தச் சோதனையின் கண்ணுக்குத் தப்பலாம். 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரோட்டாஷீல்டு என்ற ரோட்டாவைரஸ் வாய்வழித் தடுப்பு மருந்து, குழந்தைகளிடம் குடல் செருகல் (குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து அடைப்பது) தெரிய வந்ததால் அடுத்த ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. கண்காணிப்பு வேலை செய்தது என்று நாம் இதைச் சொல்வோம். கேட்பவர் காதில் விழுவது வேறு: கொடுத்த பிறகுதானே கண்டுபிடிச்சீங்க?

ஆனால் அதுவும் பத்து வருஷம் கழித்து வந்தது இல்லை. அங்கே குடல் செருகல் பெரும்பாலும் மருந்து கொடுத்த இரண்டு வாரங்களுக்குள் வந்தது. தடுப்பூசிகளில் இதுவரை தெரிந்த கடும் விளைவுகளில் பெரும்பாலானவை முதல் ஆறு வாரங்களுக்குள் தலைகாட்டியவை. அதனால் பத்து வருஷத்தைப் பற்றி "ஒண்ணும் ஆகாது" என்றது ஏறக்குறைய சரிதான். இடித்தது இன்னொரு இடத்தில். அன்றிரவு காய்ச்சலும் கைவலியும் வர நல்ல வாய்ப்பு உண்டு. "ஒண்ணும்" என்ற சொல் அதையும் சேர்த்தே மறுத்துவிட்டது. அவர் கேட்டது பத்து வருஷத்தை. பதில் பத்து மணி நேரம்கூடத் தாங்கியிருக்காது.

காத்திருப்பு நாற்காலியில் 15 நிமிடம் இருந்தது. அனஃபிலாக்சிஸ் என்ற திடீர்க் கடும் ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்கும் நேரம் அது. அதற்கான மருந்தான அட்ரினலின் ஆம்பியூல் கைக்கெட்டும் தூரத்தில், 0.5 மி.லி., தொடைத் தசையில். பத்து லட்சத்தில் சிலருக்கு வருவதற்கு அவ்வளவு தயார். பலருக்கு வரும் காய்ச்சலுக்கு ஒரு வாக்கியம்கூட இல்லை.

உண்மையைச் சொல்லியிருந்தால் போட்டுக்கொண்டிருப்பாரா? டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் கோவிட் தடுப்பூசி பற்றி நடத்திய சோதனைகளில், பாதகங்களையும் வெளிப்படையாகச் சொன்னபோது ஊசி போட்டுக்கொள்ளும் விருப்பம் குறைந்தது. ஆனால் சுகாதார அமைப்பு மேலிருந்த நம்பிக்கை குலையாமல் இருந்தது. இன்று ஊசிக்கு நீளும் கையா, அடுத்த முறையின் நம்பிக்கையா? "இன்னைக்கு ஊசி போட்டுடலாம்" என்று முடிவாகத் தொடங்குவது, "என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்பதைவிட அதிகம் பேரைச் சம்மதிக்க வைக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அது பேச்சைத் தொடங்கும் முறை. கேள்வி வந்த பிறகும் அதையே நீட்டினால் வாயை அடைப்பதாகிவிடும்.

மேசைப் பேச்சுக்கு இத்தனை கனம் கொடுப்பதே மிகையோ என்றும் தோன்றுகிறது. ஜப்பானில் 2013 ஜூனில், கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியை யாரும் தடை செய்யவில்லை, இலவசமும் தொடர்ந்தது. அரசு தீவிரமாகப் பரிந்துரைப்பதை மட்டும் நிறுத்தியது. 70 சதவீத அளவில் இருந்த போட்டுக்கொள்வோர் பங்கு 1 சதவீதத்துக்கும் கீழே போயிற்று. பரிந்துரை திரும்ப 2022 ஏப்ரல் ஆனது. மேலிடத்துத் தயக்கம் அப்படி இறங்கும்போது ஒரு செவிலியரின் சொல் எதைத் தாங்கும்? அந்த அம்மாவுக்கு இரண்டாம் டோஸ் நாள் வேலை நாளாக இருந்திருக்கலாம். வேறு இடத்தில் போட்டிருக்கலாம்.

சொல்லியிருக்க வேண்டியது இது: "இன்னைக்கு ராத்திரி காய்ச்சல் வரலாம்மா, ரெண்டு நாள்ல போயிடும். பாராசிட்டமால் போதும். பத்து வருஷக் கணக்கு இன்னும் யார்கிட்டயும் இல்ல. இதுவரைக்கும் வந்த ஊசிகள்ல பெரிய தொந்தரவுன்னா அநேகமா ஆறு வாரத்துக்குள்ளயே தெரிஞ்சிருக்கு. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், விடாத தலைவலி வந்தா உடனே வாங்க."

நிதானமாகச் சொன்னாலும் அரை நிமிடம். வரிசையில் அப்போது நின்றவர்கள் மூன்று பேர்.