"இனி வீட்டுக்குக் கூட்டிப் போங்க" என்று சொன்ன பிறகு

இலங்கை மலையகத்தில் புற்றுநோய் முற்றிப்போன ஒருவரின் குடும்பத்துக்கு ஆஸ்பத்திரியில் கடைசியாகச் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "இனி வீட்டுக்குக் கூட்டிப் போங்க." வெறும் வாய்வார்த்தையோடு அனுப்பினால் குடும்பம் திண்டாடிப் போகும். கூடவே மருந்து, எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற விளக்கம், எழுத்தில் ஒரு தாள் எல்லாம் கொடுத்தனுப்பினால் கதையே வேறு. அப்பாவின் கடைசி மாதங்களில் இரண்டையுமே பார்த்தோம்.

அப்பா பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர், அதாவது செடிகளைக் கத்தரித்தவர். எந்நேரமும் வாயில் வெற்றிலை இருக்கும். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப்புற்றுநோய்தான். வெற்றிலை, பாக்கு, புகையிலைதான் பெரிய காரணம். கண்டியில் ஒப்பரேஷன் நடந்தது, பிறகு கரண்ட் பிடித்தார்கள், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை. எதற்கும் ஒரு சதம் வாங்கவில்லை. 1951இல் அரச ஆஸ்பத்திரிகளில் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் எங்களைப் போன்றவர்கள் கண்டி வரைக்கும் போயிருக்கவே முடியாது.

ஒரு வருடம் ஆகும் முன்பே கழுத்தில் கட்டி வந்தது. புண் வெளியே வெடித்தது. அப்போது வேறொரு ஆஸ்பத்திரியில் அனுமதித்திருந்தோம். ஒரு இளம் டொக்டர் அக்காவை வாட்டுக்கு வெளியே கூப்பிட்டு, நடைபாதையில் நின்றபடியே சிங்களத்தில் ஏதோ சொன்னார். அக்கா கொழுந்து எடுக்கிறவர். சந்தைச் சிங்களம் தெரியும், இந்தப் பேச்சுக்கு அது போதாது. இனி ஒன்றும் செய்ய முடியாது, வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்பது மட்டும் விளங்கியது. டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அப்பாவிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாமா கொதித்துப் போனார். "நம்ம ஆளுங்கன்னா இப்படித்தான். காசுக்காரனா இருந்தா ஐ.சி.யூ.ல வச்சுப் பாப்பாங்க. செலவப் பாத்துதான் வீட்டுக்கு அனுப்புறாங்க."

இதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட சனம் நாங்கள். எங்கள் வைத்தியம் நெடுங்காலம் தோட்டக் கம்பனியின் பொறுப்பில் கிடந்தது. இன்னும் எத்தனையோ தோட்டத்து மருந்தகங்கள் அரசாங்கத்தின் கைக்கு முழுதாக வரவில்லை. இப்படி வாழ்ந்தவர்களுக்குச் சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பிறகு இதைப் பற்றித் தேடி வாசித்தபோது அமெரிக்காவிலும் இதே சண்டை நடந்திருப்பது தெரிந்தது. அங்கே முதியவர்களுக்கான அரச காப்புறுதி மெடிகேர். கடைசிக் காலத்தில் என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நோயாளியோடு உட்கார்ந்து பேசும் டொக்டருக்கு மெடிகேர் கட்டணம் கொடுக்க 2009இல் ஒரு சட்டவரைவில் இடம் வைத்தார்கள். சேரா பேலின் போன்ற அரசியல்வாதிகள், யார் சாக வேண்டும் என்று முடிவெடுக்கும் "மரணக் குழு" இது என்று பயம் கிளப்பினார்கள். நிறைவேறிய சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. 2016இல்தான் மெடிகேர் அந்தப் பேச்சுக்குக் கட்டணம் கொடுக்கத் தொடங்கியது. பேச்சு என்று சொல்லிச் செலவைக் குறைக்கிறார்கள் என்பதுதான் அங்கேயும் பயம். என்னைக் கேட்டால், பேசாமல் விடுவதுதான் அந்தப் பயத்துக்குத் தீனி போடுகிறது.

அடுத்த கிளினிக் நாளில் இன்னொரு இடத்தில் ஒரு விசேட வைத்தியரைப் பார்த்தோம். மட்டக்களப்புப் பக்கத்து மிஸ் (தாதி) ஒருவர் தமிழில் மொழிபெயர்த்தார். கதிரை போட்டு எல்லோரையும் உட்கார வைத்தார்கள், மாமாவையும்தான். மாமாவின் கேள்வியை அப்படியே கேட்டேன்: செலவுக்காகத்தான் அனுப்புகிறீர்களா? டொக்டர் கோபப்படவில்லை. ஐ.சி.யூ. கட்டில் குறைவுதான் என்று மறைக்காமல் ஒத்துக்கொண்டார். ஆனால் நூறு கட்டில் சும்மா கிடந்தாலும் இந்த நோயை மெஷினால் திருப்ப முடியாது, மெஷினில் போட்டால் கடைசி நாட்களில் உங்களோடு பேசக்கூட முடியாமல் போகும் என்றார். காய்ச்சல், சளி, இரத்தம் வடிவது என்று சரிசெய்யக்கூடிய எது வந்தாலும் கூட்டிக்கொண்டு வரலாம், பார்ப்போம் என்றார்.

அப்புறம் மிஸ் அப்பா பக்கம் திரும்பி, "ஐயா, மூச்சு அடைச்சா கழுத்தில துளை போட்டுக் குழாய் வைக்கலாம். உங்களுக்கு விருப்பமா?" என்று கேட்டார். அப்பாவின் பேச்சு அப்போதே குழறத் தொடங்கியிருந்தது. "ஓட்டையெல்லாம் வேணாம்மா. வலி இல்லாம பாத்துக்கங்க. வீட்டுல கெடக்குறேன்." மூக்குவழிச் சாப்பாட்டுக் குழாய்க்கு மட்டும் தலையாட்டினார். இத்தனை மாதத்தில் அவரிடம் நேராக ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

எல்லாவற்றையும் நோயும் சிகிச்சையும் எழுதித் தரும் டயக்னோசிஸ் கார்டில் எழுதித் தந்தார்கள். இந்தியாவில், கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் இப்படியான முன்விருப்பத்தை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றுக்கொண்டது. இங்கே அதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆகவே அந்தக் கார்டுதான் எங்கள் கையில் இருந்த ஒரே பிடிமானம். என்னென்ன செய்ய மாட்டோம் என்பதோடு நிற்காமல் என்னென்ன செய்வோம் என்பதும் அதில் இருந்தது. மாமா அடங்கியது அந்த இரண்டாவது பகுதியைப் படித்துக் காட்டிய பிறகுதான்.

வீட்டுப் பராமரிப்பை அந்த மிஸ்தான் கற்றுக்கொடுத்தார். மோர்ஃபின் குளிசை நான்கு மணித்தியாலத்துக்கு ஒன்று. வலி வரும் வரை காத்திருக்கக் கூடாது. பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் விடலாம், ஆனால் மெதுவாகக் கரையும் வகை வந்தால் அதைப் பொடிக்கவே கூடாது. மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதனால் அதற்கான மருந்தையும் முதல் நாளே தொடங்க வேண்டும். போதை மருந்து, சீக்கிரம் கொன்றுவிடும் என்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) சிலர் பயமுறுத்தினார்கள். வலி குறைந்த பிறகு அப்பா வாசலில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவர்களே பார்த்தார்கள்.

பெரிய பிரச்சினை நாற்றம். லயத்துக் காம்பரா ஒன்றில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் புண்ணின் வாடைக்கு ஒளிய இடமில்லை. பிள்ளைகள் கிட்டே வரத் தயங்குவது அப்பாவுக்கும் தெரிந்தது. மெட்ரோனிடசோல் குளிசையை மாவாகப் பொடித்துப் புண்ணின்மேல் தூவிக் கட்டச் சொன்னார் மிஸ். சில நாளில் வாடை நன்றாக அடங்கியது. பேத்தி பழையபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இவ்வளவு சின்ன வைத்தியத்தை முந்தின ஆஸ்பத்திரியில் யாருமே சொல்லவில்லை என்பதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிசை, குழாய் எல்லாம் இலவசம். ஆனால் 1990 என்ற இலக்கத்துக்குப் போன் போட்டால் வரும் அம்பியுலன்ஸ் அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகும், வீட்டுக்குக் கொண்டுவந்து விடாது. அதற்கு வேன் பிடிக்க வேண்டும். வேனும் லயம் வரைக்கும் ஏறாது; மேட்டில் அப்பாவைக் கதிரையில் வைத்துத் தூக்கிப் போனோம். பெம்பஸ், புண் கட்டும் கோஸ் துணி, சிரிஞ்ச், பால்மா எல்லாம் கடைக்காசு. எல்லாவற்றுக்கும் மேல் அக்காவின் சம்பளம். 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனது. அப்பாவைப் பார்த்துக்கொண்ட நாட்களில் அக்காவுக்குப் பேர் (வேலை செய்த நாளின் பதிவு) இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. வீட்டுக்கு அனுப்புவதால் அரசாங்கத்துக்குக் கட்டில் மிச்சம். அந்த மிச்சம் எங்கள் தலையில் செலவாக இறங்குகிறது. கடைசிக் காலத் திட்டம் நல்லது என்று முழு மனதோடு சொல்வேன். ஆனால் வீட்டில் பராமரிப்பவருக்கு ஒரு கொடுப்பனவும், வீடு தேடி வரும் ஒரு மிஸ்ஸும் இல்லாமல் அது பாதித் திட்டம்தான்.

அப்பா வீட்டிலேயே போனார். வலி இல்லை, எல்லோரும் பக்கத்தில் இருந்தோம். வீட்டுச் சாவு என்றால் விசாரணை வருமோ என்று அம்மா பயந்தார். தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம சேவகருக்கும் அறிவித்துவிட்டு, டயக்னோசிஸ் கார்டையும் கிளினிக் கொப்பியையும் காட்டினோம். நோயால் வந்த சாவு என்பது எழுத்தில் இருந்ததால் எந்த இழுபறியும் இல்லாமல் மரணப் பதிவு முடிந்தது. மிஞ்சிய மோர்ஃபினை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

மாமா இன்னும் ஆஸ்பத்திரிகளை முழுதாக நம்பவில்லை. அது அவர் உரிமை. எங்கள் லயத்தில் இப்போது இன்னொரு அம்மாவுக்கு இதே நிலை. அவருடைய மகளோடு கிளினிக்குப் போக மாமாதான் என்னை அனுப்புகிறார். போகும் முன் கேள்விகளைத் தமிழில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து அம்மாவிடமே பேசுவீர்களா? எது வந்தால் திரும்பக் கூட்டி வரலாம் என்று கார்டில் எழுதித் தருவீர்களா? எந்தக் குளிசையைப் பொடிக்கலாம்? ராத்திரி வலி கூடினால் யாருக்குப் போன் போடுவது?