உப்பு தின்ற சேஸ்: என் 407-க்கு அடியில் மூன்று வாரம்

2025 ஆகஸ்ட் 31, ஞாயிறு

என் டாடா 407 சின்ன லாரியில் இரண்டு மாதமாக ஒரு சத்தம். பாலம் ஏறி இறங்கும்போதெல்லாம் கேபினுக்கு அடியில் இடது பக்கம் 'டொக்' என்று கேட்கும். ஸ்பிரிங் புஷ் போயிருக்கும் என்று நினைத்து மாற்றினேன், சத்தம் போகவில்லை. அப்புறம் இடது கதவு சரியாகச் சாத்தாமல் போனது, மேலே இடைவெளி, கீழே உரசல். இன்று படுத்து அடியில் பார்த்தேன். கேபினைச் சேஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, பிடித்திருக்கும் பின்பக்க பிராக்கெட்டில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினால் வாழைத்தண்டில் இறங்குவது போல உள்ளே போகிறது.

வண்டி 2003 மாடல். அப்பா 2009-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அன்றிலிருந்து பாதி வருமானம் வேதாரண்யம் பக்கத்து அகஸ்தியம்பள்ளி உப்பளத்திலிருந்துதான். புது உப்பு ஈரமாக இருக்கும், பலகை இடுக்கு வழியாக உப்பு நீர் சொட்டிக்கொண்டே வரும், அது நேராகச் சேஸ் மேல்தான் விழும். போதாததற்கு 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு, வீட்டு வாசலில் தென்னை மரங்களுக்கு அடியில் ஒன்பது நாள் சிக்கிக் கிடந்தது.

செப்டம்பர் 2

திருத்துறைப்பூண்டி பட்டறையில் விட்டாச்சு. குறுவை அறுவடை ஆரம்பிக்கிற நேரம், கொள்முதல் நிலையங்களில் லோடு கிடைக்கும் நேரம், இப்போதா வண்டியை நிறுத்துவது என்று வீட்டில் கேட்டார்கள். நான்கு பிராக்கெட்டில் ஒன்று இப்படி என்றால் மற்றதை நம்பி எப்படி ஓட்டுவது? உள்ளே உட்கார்ந்திருப்பது நானும் கிளீனர் தம்பியும்தான்.

முதல் வேலையாக பேட்டரி வயரைக் கழற்றினோம், டீசல் டேங்கை இறக்கி வெளியே வைத்தோம். கேபின் போல்ட் நான்கில் மூன்று அசையவே இல்லை. ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற விட்டும் ஒன்றுதான் வந்தது, மற்ற இரண்டையும் கிரைண்டரில் அறுத்தோம். ஸ்டியரிங் இணைப்பு, ஓஸ், வயர் எல்லாம் விடுவித்து, செயின் பிளாக் போட்டுக் கேபினை ஒரு முழம் தூக்கிக் கட்டை கொடுத்து நிறுத்தியிருக்கிறோம். ரப்பர் பூராவும் கருவாடு மாதிரி இறுகிப் போயிருந்தது.

செப்டம்பர் 5

இன்று முழுக்கச் சுத்தியல் வேலை. பட்டறை அண்ணன் சின்னச் சுத்தியலால் சேஸை முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு 'கிணுங்'கென்று பேசும், செத்த இரும்பு 'பொத்'தென்று சொல்லும். நல்லவேளை, நீளச் சட்டம் இரண்டும் நன்றாக இருக்கின்றன. போனது எல்லாம் இரண்டு தகடு ஒட்டுகிற இடங்கள்தான்: கேபின் பிராக்கெட் சேஸில் உட்காரும் இடம், பின்னால் லோடு ஏற்றும் பாடியைப் பிடிக்கும் கிளாம்புகள், சேஸுக்கும் பாடிக்கும் நடுவில் கொடுத்திருந்த மரக்கட்டை. அந்த மரம் உப்புத் தண்ணீரைக் குடித்துப் பஞ்சு மாதிரி வைத்திருந்தது. வெயிலில் வெளிப்பக்கம் காய்ந்தாலும் உள்ளே காயாது. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும், அதனால் மழை இல்லாத நாளிலும் அங்கே துரு வேலை செய்துகொண்டே இருக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். ஒரு பிராக்கெட்டைத் துரு நெம்பியே சேஸிலிருந்து விரலளவு விலக்கி வைத்திருந்தது, ரிவிட் தலை பிய்ந்து போயிருந்தது.

பிராக்கெட் தகட்டின் கனத்தை வெர்னியரில் அளந்தோம். நல்ல இடத்தில் 5 மி.மீ., போல்ட் ஓட்டையைச் சுற்றி 2 கூட இல்லை.

மேலே ஒரு தகடு வைத்துப் பற்றவைத்தால் ஒரே நாளில் முடியும், எஃப்.சி.யும் (வண்டி ஓடத் தகுதி என்ற சான்று) வாங்கிவிடலாம் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. துருவின் மேல் தகட்டை மூடினால் உள்ளே இன்னொரு இடுக்குதான் உண்டாகும், கண்ணுக்குத் தெரியாமல் தின்னும். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. நான்கையும் புதிதாகச் செய்கிறோம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இதை எழுதியே ஆக வேண்டும். நேற்று சாயங்காலம் சேஸை வாட்டர் சர்வீஸில் கழுவி, கிரைண்டரில் வயர் பிரஷ் போட்டு வெள்ளியாக மின்ன வைத்துவிட்டுப் போனோம். காலையில் வந்தால் மேலெல்லாம் மஞ்சள் பொட்டுப் பொட்டாகத் துரு! ராத்திரி மழை இல்லை, வண்டி கொட்டகைக்குள் இருந்தது. அண்ணன் நேற்று கழுவிய தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லி நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரிக்கிறது. போர்வெல் தண்ணீர். கடலோரப் பக்கம் பாதி போர் இப்படித்தான்.

பதினாறு வருடமாக உப்பு லோடு இறக்கிவிட்டு, வண்டிக்கு நல்லது என்று காசு கொடுத்து உப்புத் தண்ணீரில் கழுவியிருக்கிறோம். அப்பா ஒரு தடவை கூடக் கழுவாமல் வண்டியை நிறுத்தியதில்லை. அதை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

ஆற்றில் இப்போது மேட்டூர் தண்ணீர் ஓடுகிறது. டிரம் வைத்து முள்ளியாற்றிலிருந்து கொண்டுவந்து, துணி கட்டி வடிகட்டி, மூன்று முறை அடித்துக் கழுவினோம். துருக் குழிக்குள் உப்பு உட்கார்ந்திருக்கும், பிரஷால் அது போகாது, தண்ணீரில்தான் கரைய வேண்டும். காற்றடித்து உலர்த்தி, மறுபடி பிரஷ் போட்டு, அந்தக் கையோடு முதல் பூச்சாகத் துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயின்ட்.

செப்டம்பர் 11

பிராக்கெட் நான்கும் தயார். பழையதை வைத்து அட்டையில் ஓட்டைகளை வரைந்துகொண்டு 6 மி.மீ. தகட்டில் வெட்டியது. தகட்டை மடித்த இடத்தில் தண்ணீர் நிற்காமலிருக்க அடியில் ஒரு ஓட்டை விடச் சொன்னேன், பழையதில் அது அடைந்துபோய்ச் சேறு கட்டியிருந்தது. வெல்டிங் ராடு புதுப் பாக்கெட்டைப் பிரித்து அன்றே எரித்தோம், ஈரம் ஏறிய ராடில் பற்று சரியாக நிற்காது.

பிராக்கெட்டைச் சேஸில் பற்றவைக்கவில்லை. சேஸின் மேல், கீழ் மடிப்பில்தான் லோடின் இழுப்பு பூராவும் இருக்கும், அங்கே நெருப்பு வைத்தால் பற்றுக்குப் பக்கத்திலேயே வெடிப்பு விடும். ரிவிட் தலையை அறுத்துத் தட்டி எடுத்துவிட்டு, பக்கவாட்டுச் சுவரில் இருந்த அதே ஓட்டைகளில் 8.8 என்று தலையில் அடித்த, உறுதி கூடின போல்ட் போட்டோம். ஓட்டைக்குள்ளும் பெயின்ட், இரண்டு தகடு சேரும் முகத்திலும் பெயின்ட்.

செப்டம்பர் 14, ஞாயிறு

முழுதாக முடுக்குவதற்கு முன்னால் குறுக்கே நூல் பிடித்து அளந்தோம். இடது முன் ஓட்டையிலிருந்து வலது பின் ஓட்டைக்கு, பிறகு மாற்றி. 3 மி.மீ. வித்தியாசம், போதும் என்றார் அண்ணன். புது ரப்பர் வைத்துக் கேபினை இறக்கினோம். பாடிக்கு அடியில் மரத்துக்குப் பதில் கெட்டி ரப்பர் பட்டை.

இடது கதவைச் சாத்தினேன். ஒரே தடவையில் சாத்தியது. தம்பி இன்னும் நான்கு தடவை திறந்து திறந்து சாத்திப் பார்த்தான்.

செப்டம்பர் 22

நான்கு நாளாக நெல் லோடு. 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு போல்ட் எல்லாவற்றையும் திரும்ப முடுக்கினேன், இரண்டு போல்ட் மட்டும் கால் சுற்று வாங்கின. சத்தம் இல்லை.

நாளை மறுபடி அகஸ்தியம்பள்ளி. பலகைக்கு மேல் விரிக்கக் கெட்டி பிளாஸ்டிக் ஷீட் வாங்கிவிட்டேன், உப்பு நீர் பின்பக்கமாக வடிய ஒரு சரிவு விட்டு விரிக்க வேண்டும். டிரம் இரண்டிலும் ஆற்றுத் தண்ணீர் நிரப்பி வைத்தாயிற்று.